பதினேழாம் எண் பொட்டலம்

நீங்கள் இந்தத் தாவரம் சேகரிக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே காகிதத்தைப் பொட்டலமாக மடிப்பது எப்படி என்று ஒருவர் காட்டித்தருவார். கீழிருந்து ஒரு மடிப்பு, மேலிருந்து ஒரு மடிப்பு, இரண்டு பக்கத்தையும் பின்னால் தள்ளினால் முடிந்தது. மளிகைக் கடையில் கடுகு மடிப்பதைப் பார்த்து வளர்ந்த நம் ஊர்க் கைகளுக்கு அது தானாக வரும். ஆகவே மடிப்பதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. மடித்த பொட்டலத்தை எங்கே வைக்கக்கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு டைரி எழுதும் பழக்கம் உண்டு. கிழமையும் மணியும் போடாமல் ஒரு வரி எழுதியதில்லை. எனவே கீழே வரும் மணிகளை நீங்கள் சந்தேகப்பட வேண்டாம். மற்றதைச் சந்தேகப்படலாம், நானே சில சமயம் சந்தேகப்படுகிறேன்.

1997. நியூ ஜெர்சியில் ஒரு சிறிய நிறுவனத்தில் தாவர வரைபடம் போடும் வேலை எனக்கு. அலாஸ்காவின் உள்பகுதியில் உள்ள ஒரு மேட்டுநிலம்தான் எங்கள் பொறுப்பு. அங்கே மனிதர்கள் இல்லை. செடிகள் இருந்தன, கொசுக்கள் இருந்தன. செயற்கைக்கோள் எடுத்த படத்தில் வண்ணத் திட்டுகளாகத் தெரிவதைப் பார்த்து, இது காடு, இது புதர், இது புல் என்று பெயரிடுவோம். ஜூலையில் நேரில் போய், போட்ட பெயர் சரிதானா என்று பார்த்துத் தலைகுனிவோம்.

அந்த மேட்டைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது நான் குடியிருந்த பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்தான். அங்கே தெற்குப் பார்த்த பால்கனிக்காரர்கள் கறிவேப்பிலையும் தக்காளியும் வளர்த்தார்கள். வடக்குப் பார்த்தவர்கள் பனி தள்ளும் மண்வெட்டியை ஏப்ரல் வரை உள்ளே எடுத்துவைக்கவில்லை. மலையும் அப்படியே. தெற்குச் சரிவில் வெயில் விழும். ஆஸ்பென் மரங்களும் வெள்ளை ஸ்ப்ரூஸ் மரங்களும் நிமிர்ந்து நிற்கும். வடக்குச் சரிவில் மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். அங்கே பாசி மெத்தைமேல் கறுப்பு ஸ்ப்ரூஸ், ஜலதோஷம் பிடித்தவனைப் போல ஒடுங்கி நிற்கும். தண்ணீர் தேங்கும் தாழ்விடத்தில் பருத்திப்புல் குமிழ் குமிழாக முளைத்திருக்கும். மேலே ஏற ஏற எல்லாமே குட்டையாகும். முழங்கால் உயரப் புதர், கணுக்கால் உயரச் செடி, உள்ளங்கை உயர மெத்தை. கடைசியில் உச்சி முகட்டில் பெரிய பெரிய பாறைகள். வரைபடத்தில் அந்த முகட்டுக்கு எண் பதினேழு.

இப்போது ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுத்தலைவி ஐம்பது வயது அமெரிக்கப் பெண்மணி. அதிகம் பேசமாட்டார். பேசினால் அது பெரும்பாலும் என் காலணியைப் பற்றியதாக இருக்கும். இன்னொருவர் எங்கள் நிறுவனத்தின் டல்லஸ் கிளையில் வேலை பார்த்து, ஆலன் நகரத்தில் குடியிருந்த டெக்சாஸ்காரர். ஆறடி நான்கு அங்குலம். நான் பருத்திப்புல் குமிழ்களின் உச்சியில் கால் வைத்து நடந்து, அவை ஆட, முதல் நாளே பதினொரு முறை விழுந்தேன். மணி வாரியாகக் குறித்திருக்கிறேன். குமிழ்களுக்கு இடையில்தான் கால் வைக்க வேண்டும் என்று தலைவி நான் ஆறாவது முறை விழுந்தபோது சொன்னார். டெக்சாஸ்காரர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

பதினேழாம் முகட்டைப் பற்றித்தான் அவருக்கும் எனக்கும் தகராறு. படத்தில் அது சாம்பல் நிறம். "வெறும் பாறை, தாவரம் ஏதுமில்லை" என்று எழுதச் சொன்னார் அவர். அந்த முகட்டில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கியவன் நான் ஒருவன் மட்டும். நாற்பது நிமிடம் நின்றேன். அந்தப் பாறைகள்மேல் கறுப்பும் பழுப்புமாகத் தோல் செருப்பின் துண்டுகள் போல லைக்கன்கள் அடை அடையாக ஒட்டியிருந்தன. பாறையே தெரியவில்லை. அது வெறும் பாறை அல்ல, தனி ஒரு தாவர வகை என்றேன் நான். புகைப்படமும் எடுத்தேன். கழுவி வந்தபோது முப்பத்தாறு படத்திலும் மூடுபனி மட்டும் அருமையாக விழுந்திருந்தது.

ஆகவே மிச்சமிருந்த ஒரே சாட்சி நான் சுரண்டி எடுத்து வந்த லைக்கன். பதினேழாம் எண் பொட்டலம். ஆகஸ்டு கடைசித் திங்களன்று வரைபடத்தைச் சரிபார்க்க அலாஸ்காவிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வருவதாக இருந்தது. அவர் ஒப்புக்கொண்டால் அந்த வகைக்கு நான் வைத்த பெயர் நிற்கும், இரண்டாம் கட்ட வேலையும் எனக்கு வரும். டிசம்பரில் என் விசா முடிகிறது. வேலை இருந்தால் நீட்டிப்பு; இல்லாவிட்டால் பாளையங்கோட்டைக்கு டிக்கெட். இவ்வளவும் அந்தப் பொட்டலத்துக்குள் மடிந்திருந்தது.

அலுவலகத்தில் உலர்த்தும் அலமாரி பழுது. நியூ ஜெர்சி ஆகஸ்டின் புழுக்கத்தில் லைக்கன் ஈரம் குடித்துப் பூஞ்சை பிடிக்கும். எங்கள் வீட்டிலேயே உலர்ந்த இடம் எது என்று ஆராய்ந்தேன். அடுப்புக்கு மேலே இருந்த அலமாரிதான். பதினைந்து முதல் இருபது வரையான பொட்டலங்களை அங்கே வரிசையாக அடுக்கினேன். வெளியே எண் மட்டும். பெயர், இடம், தேதி எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் ஒரு சீட்டில் எழுதிப் பொட்டலத்துக்குள் வைத்திருந்தேன். தலைவி உள்ளேயும் வெளியேயும் எழுதச் சொல்லியிருந்தார். ஒரே விஷயத்தை இரண்டு முறை எழுதுவது எனக்கு வீண் வேலையாகப் பட்டது.

அந்த வீட்டில் என்னோடு இருந்தவன் காதர். திண்டுக்கல்காரன். பழைய கம்ப்யூட்டர் புரோகிராம்களில் இரண்டு இலக்கமாக இருந்த ஆண்டை நான்கு இலக்கமாக மாற்றும் வேலை அவனுக்கு. காலையிலிருந்து மாலைவரை தேதி திருத்துவான். வந்ததும் சமைப்பான். லைக்கன் என்பது ஒரே உயிர் இல்லை, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்துவது. ஒன்று வீடு தரும், மற்றது சமைக்கும். எங்கள் வீட்டில் லீஸ் என் பெயரில் இருந்தது.

மதிப்பீட்டாளர் சனிக்கிழமையே வந்துவிட்டார். திங்கள்வரை ஹோட்டலில் என்ன செய்வார் என்று அவரையும் தலைவியையும் டெக்சாஸ்காரரையும் ஞாயிறு மதிய உணவுக்கு அழைத்தேன். நல்லெண்ணத்தில்தான். கொஞ்சம் விசா எண்ணமும் கலந்திருந்தது. காதர் சனிக்கிழமை மாலையே இந்தியக் கடைகள் உள்ள எடிசன் ஊருக்குப் போய் ஹலால் ஆட்டுக்கறியும் சீரகச் சம்பாவும் வாங்கி வந்திருந்தான்.

மணி பன்னிரண்டு நாற்பத்தைந்து. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அமெரிக்கர்கள் பேசியதை எல்லாம் இங்கே தமிழில் தருகிறேன்.

"இந்த வாசனை என்ன?" என்றார் மதிப்பீட்டாளர். அறுபது வயது, வெள்ளைத் தாடி, கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி. சாப்பிடும்போதும் அதைக் கழற்றவில்லை. "மழை பெய்த காட்டு வாசனை வருகிறதே."

காதர் பூரித்துப்போனான். எனக்குத் தயிர்ப்பச்சடி எடுத்துவரும் வேலை. சமையலறைக்குள் அவன் பின்னாலேயே வந்து என் காதோரம் சொன்னான்.

"டேய் ஜெபா, ஏழு மாசமா ஒண்ணா இருந்தும் என்கிட்ட மறைச்சு வச்சிருந்தியாடா?"

"என்னத்த?"

"கல்பாசி! அந்த அளவுக்கு சூப்பர் கல்பாசிய மேல ஷெல்ஃப்ல போட்டு வச்சிக்கிட்டு, நான் போன வாரம் கல்பாசி தீந்துருச்சுன்னு பொலம்புனப்ப வாயத் திறக்கல பாரு. எடிசன்ல ஒரு சின்ன பாக்கெட்தான் கெடச்சுது. பத்தாதுன்னு உன்னோடதையும் மிக்ஸ் பண்ணிட்டேன்."

பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். பச்சடிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். மணி ஒன்று பத்து.

"எந்தப் பொட்டலம்?"

"பதினேழு. நல்ல தடிமனா, தோல் மாதிரி. பிரமாதமான சரக்கு. பதினெட்டுல மஞ்சளா ஏதோ இருந்துச்சு. மோந்து பாத்தேன், வாசமே இல்ல, மூடி வச்சிட்டேன்."

பதினெட்டாம் பொட்டலத்தில் இருந்தது நஞ்சுள்ள மஞ்சள் லைக்கன். அதே குடும்பத்து லைக்கனின் நஞ்சை வைத்து ஒரு காலத்தில் ஓநாய்களைக் கொன்றார்கள் என்று படித்திருக்கிறேன். நான் ஸ்டூல்மேல் ஏறிப் பதினெட்டைப் பிரித்துப் பார்த்தேன். முழுசாக இருந்தது. ஏறியவன் இறங்க மறந்து அங்கேயே நின்றேன்.

"உள்ள ஒரு சீட்டு இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. இங்கிலீஷ்ல பொடிப்பொடியா என்னமோ எழுதியிருந்துச்சு. மசாலா பாக்கெட்டுக்குள்ள சீட்டு இருந்தா ஆஃபர் கூப்பன்னு நினைச்சேன். ஏன்டா வேர்க்குது உனக்கு?"

"காதர், அது என் வேலைடா. அது என் விசாடா."

அவன் பாத்திரத்தைத் திறந்து பார்த்தான். "விசாவுல பாதி இன்னும் அடியில இருக்கு" என்றான்.

இனி வருவதுதான் பாடப்புத்தகத்தில் இல்லாத பகுதி. பதினேழில் இருந்ததைத் தின்றால் ஆபத்தில்லை என்று எனக்குத் தெரியும். வடக்கே வழிதவறிப் பசித்த பயணிகள் அதை வேகவைத்துத் தின்று உயிர் பிழைத்ததாகப் படித்திருக்கிறேன். சீரகச் சம்பாவோடு தின்றதாக எங்கும் படித்ததில்லை. ஆக, சொல்லாமலிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பொட்டலம் தொலைந்துவிட்டது என்று திங்களன்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒருவருடைய தட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாமல் இருப்பது, ஏனோ, பச்சடியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு நினைக்கவே அருவருப்பாக இருந்தது. இதற்கு எனக்கு மூன்று நிமிடம் பிடித்தது. மணி ஒன்று பதின்மூன்றுக்கு வெளியே வந்தேன்.

"ஒரு சிறு அறிவிப்பு. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பது பதினேழாம் எண் மாதிரி."

டெக்சாஸ்காரரின் கரண்டி பாதி வழியில் நின்றது. அது அவருடைய இரண்டாவது தட்டு.

"எது? ஆடா?" என்றார் தலைவி.

நடந்ததை எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்ததும் மதிப்பீட்டாளர் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ தட்டைக் கிட்டே இழுத்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, சோற்றைக் கிளற ஆரம்பித்தார். கறுப்புத் துண்டு ஒன்றைக் கண்டுபிடித்துத் தண்ணீரில் அலசித் தட்டின் விளிம்பில் வைத்தார்.

"இதோ, தொப்புள்!"

இதை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த லைக்கன் நடுவில் ஒரே ஒரு புள்ளியில்தான் பாறையோடு ஒட்டியிருக்கும். அடியில் தொப்புள் போலத் தெரியும். அடுத்த கால்மணி நேரம் படித்த பெரியவர்கள் நான்கு பேர் என் வீட்டில் பிரியாணிக்குள் தொப்புள் தேடினார்கள். காதர் ஐந்தாவதாகச் சேர்ந்து, அடிப்பாத்திரத்திலிருந்து கரண்டி கரண்டியாகச் சப்ளை செய்தான். மிகப் பெரிய துண்டு டெக்சாஸ்காரரின் தட்டில் கிடைத்தது.

"வெறும் பாறை" என்றார் தலைவி அதைப் பார்த்து.

"நன்றாக வெந்த பாறை" என்றார் மதிப்பீட்டாளர்.

டெக்சாஸ்காரர் அதைக் காகிதக் கைக்குட்டையால் மூடிவைத்தார்.

என் நெஞ்சு சற்று நிமிர்ந்தது. அப்போதுதான் மதிப்பீட்டாளர் வேறொரு துண்டை எடுத்தார். மேலே வெளிர்சாம்பல், அடியில் கறுப்பு, ஓரம் சுருள் சுருளாக. தொப்புள் இல்லை. நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது அந்த மேட்டில் இருப்பதாக இதுவரை யாருமே சொன்னதில்லை. பையா, உன் முகடு தனி வகை மட்டுமில்லை. இது ஒன்று போதும், என் அறிக்கையின் முதல் பக்கத்தில் உன் பெயரைப் போடுவேன்."

தலைவி என்னைப் பார்த்தார். டெக்சாஸ்காரர் தலை குனிந்தார். அவர் தோற்று நான் பார்த்தது அதுதான் முதல் முறை. பார்க்க மிக நன்றாக இருந்தது.

காதர் அந்தத் துண்டை எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். "ஜெபா, இது..." என்று தொடங்கினான். நான் கண்ணால் வாயை மூடு என்றேன். மூடினான். பிரியாணியில் உப்புப் பார்ப்பவனைப் போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இந்த இடத்தில் நான் எத்தனை நொடி பேசாமல் இருந்தேன் என்று டைரியில் இல்லை. குறித்துக்கொள்ள வெட்கமாக இருந்தது.

"சார், அது அலாஸ்கா இல்லை, எடிசன்" என்றேன்.

"என்ன?"

"ஓக் ட்ரீ ரோட்டில் மளிகைக் கடை. மசாலா வரிசை. இந்தியாவிலிருந்து வருவது. தொப்புள் இருப்பது மலை, இல்லாதது கடை."

மதிப்பீட்டாளர் அந்தத் துண்டை மெதுவாகத் தட்டில் வைத்தார். பிறகு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்று முடிக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம்.

"மலையும் கடையும் ஒரே பாத்திரத்தில் வெந்திருக்கின்றன. தொப்புள் உள்ளது இவனுடைய பொட்டலத்திலிருந்துதான் வந்தது என்று சொல்ல இவன் ஒருவன்தான் இருக்கிறான். பிரியாணியை நான் சாட்சியாகப் பதிவு செய்ய முடியாது" என்றார். "அந்த முகட்டை வெறும் பாறை என்று எழுதவும் இப்போது என்னால் முடியாது. பதினேழுக்கு ஒரு கேள்விக்குறி போடுங்கள். அடுத்த ஜூனில் யாராவது ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள்."

பிறகு தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா? இரண்டிலும் கலந்து."

அன்று முழுக்க நான் தோற்றுவிட்டதாகத்தான் நினைத்தேன். காதர் பாத்திரம் கழுவிக்கொண்டே "சொல்லாம இருந்திருக்கலாம்ல? நான் வாயே திறந்திருக்க மாட்டேன்" என்றான். சற்று நேரம் கழித்து, "ஆனா நாளைக்கு எவனாவது அந்த மலைக்குப் போய்க் கல்பாசி தேடுவான். பாவம், குளிர்ல கெடந்து தேடுவான்" என்றான். இதைவிட நன்றாக யாரும் எனக்கு இந்தத் தொழிலின் தர்மத்தைச் சொன்னதில்லை. சொன்னவன் கையில் ஸ்காட்ச்பிரைட் இருந்தது.

திங்கட்கிழமை தலைவி அலுவலக மேலாளரிடம் போனார். அறைக் கதவு திறந்தே இருந்ததால் எனக்குக் கேட்டது.

"வரைபடத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அதைத் தீர்க்காமல் வேலை முடியாது. அந்த முகட்டில் எந்தப் பாறை என்று தெரிந்த ஆள் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் விசா டிசம்பரில் முடிகிறது. பார்த்துக்கொள்ளுங்கள்."

வெளியே வந்தவர் என் மேஜையருகே நின்றார். "லேபிளை வெளியே எழுது. உள்ளே எழுதினால் தின்றுவிட்டுத்தான் படிப்பார்கள்" என்றார். போகிற போக்கில் என் காலணியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆக, என் வெற்றிக்காக அல்ல, நான் உண்டாக்கிய கேள்விக்குறிக்காகவே எனக்கு விசா நீட்டிப்பு கிடைத்தது.

1998 ஜூன். ஹெலிகாப்டர் பதினேழாம் முகட்டில் எங்கள் இருவரையும் இறக்கியது, என்னையும் டெக்சாஸ்காரரையும். காலையில் தூறியிருந்தது. ஈரம் பட்டால் அந்த லைக்கன் பச்சை பூத்து, சோப்பு தேய்த்த தோலைப் போல ஆகிவிடும். எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவும் வாயெடுத்தேன். அதற்குள் அவர், "பார், நான் சொன்னேனே, வெறும்..." என்று முதல் பாறையில் கால் வைத்தார்.

ஆறடி நான்கு அங்குலம் விழுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். காலை பத்து இருபத்திரண்டு.

உட்கார்ந்த இடத்திலிருந்தே சுற்றிலும் பார்த்தார். உள்ளங்கையில் ஒட்டியிருந்த கறுப்புத் துண்டைத் திருப்பிப் பார்த்தார். தொப்புள் இருந்தது.

"படிவத்தைக் கொடு" என்றார். வாங்கி, "தாவர வகை" என்ற கட்டத்தில் நான் வைத்திருந்த பெயரை அவரே தன் கையெழுத்தில் எழுதினார். கேள்விக்குறி போடவில்லை. எழுதி முடித்துவிட்டு, "மொத்தம் எத்தனை? உனக்குப் பதினொன்று, எனக்கு?" என்றார்.

"ஒன்று."

"அதைக் குறிக்காதே."

குறித்துக்கொண்டேன்.

இந்த முறை பொட்டலத்தின் வெளியே, உள்ளே, பக்கவாட்டிலும் எழுதினேன். விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நேராக அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சமையலறைக்குள் நுழைந்தேன். அடுப்புக்கு மேலிருந்த அலமாரி முழுக்கப் புதிய பொட்டலங்கள், டப்பாக்கள், ஒவ்வொன்றின் வெளியிலும் பெரிய எழுத்தில் லேபிள். நான் இல்லாத இரண்டு வாரத்தில் காதர் செய்த வேலை. சீரகத்துக்கு ஒன்று, பட்டைக்கு ஒன்று, மிளகுக்கு ஒன்று.

அதில் ஒரு லேபிளைக் கேட்டு வாங்கி இன்றுவரை வைத்திருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு லேபிள் எழுதுவது எப்படி என்று சொல்லும்போது அதைத்தான் காட்டுவது வழக்கம். உங்களுக்காக அப்படியே எழுதுகிறேன்:

"கல்பாசி. கிடைத்த இடம்: ஓக் ட்ரீ ரோடு, எடிசன். உயரம்: கடையில் மூன்றாவது தட்டு. பக்கத்தில் இருந்தவை: அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு. தொப்புள்: இல்லை. சேகரித்தவர்: காதர். இது மலை அல்ல, தாராளமாகத் தின்னலாம்."

என் பணிக்காலத்தில் இத்தனை முழுமையான லேபிளை நான் பார்த்ததில்லை. இடம் இருக்கிறது, உயரம் இருக்கிறது, கூட இருந்த இனங்கள் இருக்கின்றன, அடையாளம் காட்டும் உறுப்புகூட இருக்கிறது. ஒரே ஒரு குறை. பகலெல்லாம் உட்கார்ந்து அமெரிக்காவின் தேதிகளைத் திருத்திக்கொண்டிருந்த மனிதன், இதில் தேதி மட்டும் போடவில்லை.